எண்ணிக்கைக்கு வந்த பொன்னாயி

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டில் பொன்னாயி அளவுக்கு நடந்தவர்கள் குறைவு. மிளகுக்காடு மூன்று மைல். விடியுமுன் போய், மத்தியானம் தலையில் விறகுக்கட்டோடு திரும்புவாள். போன வருஷம் வளைவில் ஒதுங்க இடமில்லாமல் லாரியில் அடிபட்டு, அவள் புருஷன் செங்கோடனுக்குத் தொடையெலும்பு முறிந்தது. எலும்பு கூடியும் மனுஷன் ரோட்டில் இறங்கப் பயந்து வாசலோடு கிடந்தான்.

அந்த ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றதும் அவள் செங்கோடனைத்தான் திரும்பிப் பார்த்தாள். லாரிகள் இன்னும் பறக்குமே! ஓரத்தில் நடைபாதை போடும் யோசனையும் இருந்தது. போட்டால் சனத்தின் உடல்நலத்துக்கு என்ன நன்மை, போடாவிட்டால் என்ன கேடு என்று ஆராய்ந்து எழுத, மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டிலிருந்து மோகன்ராஜ் என்ற அலுவலர் வந்தார். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ண வளைவில் இரண்டு நாள் நின்றார்.

அவரை முதலில் பார்த்தது நம்ம பொன்னாயிதான். காக்கி பேன்ட், கையில் நோட்டு. விறகைக் கணக்கெடுக்க வந்த வனத்துறை ஆள் என்று முடிவே கட்டிவிட்டாள். ரோட்டில் நடந்து வந்தவர்களையெல்லாம் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் திருப்பிவிட்டாள். மோகன்ராஜின் நோட்டில் ஏறியது ஏழே பேர். ஏழு பேருக்கு யார் நடைபாதை போடுவார்கள்?

மாத்திரை கொடுக்க வந்த கிராம நர்ஸ் கோகிலவாணி நடைபாதைக்காக எண்ண வந்தவருக்கு ஏழே பேர்தான் கிடைத்தார்களாம் என்று சொல்லி வருத்தப்பட்டார். பொன்னாயிக்கு முகம் செத்துவிட்டது.

"நாந்தானுங்க எல்லாத்தையும் கீழ எறக்கி உட்டேன்."

கோகிலவாணி ஒரு சொல் திட்டவில்லை. அதற்கே அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம். மோகன்ராஜிடம் பேசி, திங்கட்கிழமை விடிகாலையில் மறுபடி எண்ண வரவழைத்தார். ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் பொன்னாயி குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, அவுரு பாரஸ்ட்டு ஆளு இல்லீங்க. ரோட்டு மேலயே போங்க. நல்லா எண்ணட்டும்!"

பொழுது சாய்வதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், பதினெட்டு சைக்கிள். ரோட்டில் அடிபட்டவர்கள் பட்டியலில் செங்கோடன் பெயரையும் அவளே சொல்லி எழுத வைத்தாள்.

அடுத்த தையில் நடைபாதை வந்தது. முதல் நாள் செங்கோடன் தடியூன்றி இறங்கினான். பொன்னாயி பழக்க தோஷத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷமாக இந்த ரோட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடந்திருக்கிறார்கள்.

"ஏம்புள்ள முன்னாடி ஓடற? எடந்தான் கெடக்குதே, பக்கத்துல வா."

வந்தாள். கோகிலவாணியையும், மறுபடி மலையேறி வந்த மோகன்ராஜையும் நினைத்தபோது கண் கலங்கியது. அவங்க நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். வளைவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இருவரும் ஒதுங்கவில்லை.