மாவு மில் மாடியில் பன்னிரண்டு முதல் இரண்டு வரை

நேற்றுக் காலை லிஃப்டில் எட்டாவது மாடி அக்கா ஒரு சம்படம் நிறைய மிளகாய்த்தூளோடு ஏறினார். மூடி சரியாக மூடவில்லை. நான் வரிசையாக நான்கு தும்மல் போட்டேன். "சாரி சார், இப்பதான் அரைச்சுட்டு வரேன்" என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்து ஐந்தாவது தும்மலைப் போட்டேன். பெருங்களத்தூரில் பதினோராவது மாடியில், வீட்டில் இருந்தபடியே புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கவனம் சிதறாமல் இருக்கப் போனில் ஒரு ஆப் வேறு வைத்திருக்கிறேன்; அரை மணிக்கு ஒரு தரம் மணியடித்து என்னைப் பாராட்டும். நேற்று அது எத்தனை அடித்தும் ஒரு வரிகூட நகரவில்லை. மனசு மூக்கின் பின்னாலேயே தாம்பரத்துக்குப் போய்விட்டது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. நானும் ஜெரோமும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகச் சாப்ட்வேர் செய்யப்போகிறோம் என்று அங்கே போய் உட்கார்ந்தோம். கீழே மல்லி அரைத்தால் மேலே எங்களுக்குப் பசிக்கும். மிளகாய் அரைத்தால் தும்மிக்கொண்டே டைப் அடிப்போம். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு தோசைக்கு மாவு தேறும் என்பான் ஜெரோம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வேலை. படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போட்டுத் தரும் புரோகிராம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் ஜெரோம் மஸ்கட் போக வேண்டும். அவன் அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார். மாமா அங்கே வேலைகூடப் பார்த்து வைத்துவிட்டார். அவன் போய்விட்டால் அந்த அறையில் தனியாக ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வெளியே வீரன் மாதிரி பேசுவேனே தவிர, நான் சரியான பயந்தாங்கொள்ளி.

அப்போதெல்லாம் தினமும் மின்வெட்டு, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு முதல் இரண்டு. சரியாகப் பன்னிரண்டுக்கு மில் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். மேலே ஃபேன் நின்று, மானிட்டர் அணைந்து, சூடான தூசி வாசனை ஒன்று வரும். ஜன்னல் வெயிலில் மாவுத்தூள் இறங்கவும் இல்லாமல் ஏறவும் இல்லாமல் மிதக்கும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் அப்போதுதான் காதில் விழும். நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய பிரின்ட் தாள்களோடு மாடிப்படிக்கு வந்துவிடுவோம்.

அங்கே ஜெரோம் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தான். "மச்சான், நீ தமிழ் மிஸ். திங்கக்கிழமை. கெளம்பு" என்பான். படிதான் வகுப்பறை. நான் கையில் டைம்டேபிளோடு முதல் பீரியடுக்கு மேல்படி, இரண்டாவதுக்கு நடுப்படி, மூன்றாவதுக்குக் கீழே மில் வாசல் என்று நடக்க வேண்டும். சிரிக்காதீர்கள், முப்பது வயதை நெருங்கிய இரண்டு ஆண்பிள்ளைகள் தினமும் இதைத்தான் செய்தோம். ஒருநாள் ஆறு பீரியடும் தொடர்ந்து நடந்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். "மிஸ் எப்படா தண்ணி குடிப்பாங்க?" என்றான். திரையில் பார்த்தபோது அது தப்பே இல்லாத டைம்டேபிள். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அதைத் திருத்தினோம்.

மில் வாசலில் கோதுமைத் தூக்கோடு கரண்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மில்காரரிடம் கேட்டார்: "இன்னாண்ணா இதுங்க, மேலியும் கீழியும் நடந்துகினே கீதுங்க?"

"கம்ப்யூட்டர் வேலையாம்மா."

"இதுவா?"

அந்த "இதுவா" எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். தினம் இரண்டு மணி நேரம் தண்டமாகப் போகிறதே என்று ஒரே அரிப்பு. ஊரில் மற்றவர்கள் எல்லாம் எழுதித் தள்ளிக்கொண்டிருக்க, நான் தமிழ் மிஸ்ஸாகப் படியிறங்கிக்கொண்டிருக்கிறேன். மார்ச் மாதம் இன்வெர்ட்டர் வாங்கலாம் என்றேன். ஜெரோம், "எதுக்குடா, நல்லாத்தானே போகுது" என்றான். நான் கேட்கவில்லை. பேட்டரியைத் தோளில் தூக்கிவந்து மாட்டிய இன்வெர்ட்டர் கடை பாபு, ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "இனிமே கரண்டு போச்சா வந்துச்சான்னே உங்களுக்குத் தெரியாது சார்."

சொன்னபடியே ஆயிற்று. கீழே மில் நின்றால்கூட எங்களுக்குத் தெரியவில்லை. நான்தான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டேனே. ஜூன் வரை பேய் பிடித்தவன் மாதிரி எழுதினேன். அப்படி எழுதியதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம், அதையும் மறைப்பதற்கில்லை. பன்னிரண்டு மணிக்கு ஜெரோம் பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்துவேன். கொஞ்சம் இரு என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் சாயங்காலம் வரை போகும்; பிறகு அவனும் மறந்துவிடுவான், நானும் கேட்கமாட்டேன்.

ஏப்ரலில் பள்ளியிலிருந்து பிரின்ஸிபல் மேடம் போன் செய்தார். ஆறாவது, ஏழாவது வகுப்புகளை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். அவ்வளவுதானே என்று புது அறை எண்களைச் சேர்த்தேன். ஐந்தே நிமிஷ வேலை. "மச்சான், அந்தப் புது பில்டிங்..." என்று ஜெரோம் ஆரம்பித்தான். விரலை உயர்த்தினேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று இரண்டு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு படப்பை போனோம். முதல் பீரியட் அருமையாக நடந்தது. இரண்டாவது பீரியடுக்கு மணி அடித்ததும் ஏழெட்டு டீச்சர்கள் நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒரு கூட்டம். நடுவில் ஒரகடம் போகும் லாரிகள், ஒன்றன் பின் ஒன்றாக. இந்தப் பக்கம் பாடம் முடித்த அதே நிமிஷம் அந்தப் பக்கம் பாடம் தொடங்க வேண்டும் என்று என் புரோகிராம் சொல்லியிருந்தது. ரோட்டைக் கடக்க ஒரு நிமிஷம்கூட நான் விடவில்லை. டீச்சர் இல்லாத வகுப்புகளின் இரைச்சல் லாரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தமிழ் மிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியாமல் நான் கீழே குனிந்துகொண்டேன்.

பிரின்ஸிபல் மேடம் கோபப்படவில்லை. "நாங்க பழையபடி கையாலயே போட்டுக்கறோம் சார்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஜெரோம். வண்டி முடிச்சூர் தாண்டியது. பிறகு நான்தான், "ஒரு தடவை நடந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்டா" என்றேன்.

"அன்னிக்கே கேக்கலாம்னுதான் பார்த்தேன்" என்றான். "நீ பிஸியா இருந்த."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளே இல்லை அவன். அடுத்த மாதமே மஸ்கட் போனான். நானும் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

இப்போது அந்த மில் இல்லை, மாடி இல்லை, படியும் இல்லை; கண்ணாடி வைத்த செருப்புக் கடை ஒன்று இருக்கிறது. மின்வெட்டும் போய்விட்டது. ஜெரோம் அங்கேயே கல்யாணம் குடும்பம் என்று தங்கிவிட்டான். மனசு அவனை அடிக்கடி தேடுகிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவனே போன் செய்வான். எடுத்ததும் முதலில், "மச்சான், பிஸியா?" என்று கேட்பான். இல்லைடா, பேசு என்று சொல்வதற்குள் என் கண் ஒரு தரம் திரைப் பக்கம் போய்வருகிறது. அதற்குள் அவன், "சரிடா, நீ பாரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறான்.