செத்த பிறகும் பச்சையாக இருந்த மரம்

துறைமுகத்தில் ஒரு ஜப்பான் கப்பலில் கண்ட 'போன்சாய்' என்னும் குட்டை மரத்துக்கு ஆசைப்பட்டு, உதகைப் பண்ணையில் வாங்கிய ஜூனிப்பர் என்ற ஊசியிலை மர நாற்றைத் தொட்டியில் வைத்து நான்கு வருஷமாகச் செப்புக்கம்பி சுற்றி வளைத்து வந்தேன்.

போன வாரம் நுனிகள் பழுப்பாகின. மீன் விற்கும் அஞ்சலை என் வாசலில் கூடை கழுவிய உப்புத்தண்ணீர் தொட்டியில் பட்டதால்தான் என்று ராயபுரம் தெருவே கேட்கத் திட்டிவிட்டேன்.

இன்று காலை அவளே வந்து தண்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சையே இல்லை, காய்ந்த விறகு.

"இன்னா நைனா, இது செத்து எத்தினியோ நாளாச்சு. இன்னா பண்ணே இத்த?"

"குட்டையாவே இருக்கட்டும்னு சித்திரை வெயில்ல வேரைப் பாதி வெட்டினேன். அப்புறமும் இலை பச்சையாத்தானே இருந்துச்சு..."

"கருவாடுகூடத்தான் மீனாட்டம் கீது. அதுக்குன்னு நீந்துமா?"

தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"இன்னா சொன்னே? காதுல வுழல."

உண்மையிலேயே விழவில்லை, நான் முணுமுணுத்திருந்தேன். திரும்பச் சொல்வதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திட்டும்போது மட்டும் எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்!

நாளைக் காலை தெரு கேட்கவே சொல்லியாக வேண்டும். அதற்குள் பின்வாங்கிவிடாமலிருக்க, இதை நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். நாளை அவளிடம் சொல்லும்போது என் பக்கத்தில் நிற்கச் சம்மதிப்பவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். ஒருவர் போதும்.