கொக்குத் தீவுக்கு எதிரே மஞ்சள் மழைக்கோட்டு

கொக்குகளை ஒளிந்து நின்று பார்க்க, பளபளக்கும் மஞ்சள் மழைக்கோட்டில் வந்த முட்டாள் நான்தான். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, ஆற்றின் நடுவில் ஆளில்லாத சிறு தீவு. பறவைகள் கூடு கட்டுவதால் யாரும் அங்கே கால் வைக்கக்கூடாது. நான் இக்கரையில்தான் நிற்கிறேன். ஆனாலும் என்னைக் கண்டதும் ஒரு கொக்கு கூட்டை விட்டுப் பறந்துவிட்டது. உள்ளே முட்டைகள் இருக்கும். பக்கத்துக் கிளையில் இரண்டு காகங்கள் வந்து உட்கார்கின்றன.

மேலே கொழுந்து பறிக்கும் அக்கா கையை நிறுத்தாமலே சொல்கிறார்: "கூடு கட்டுற மாசத்துல எங்ககிட்ட வேலை வாங்குற கங்காணிகூட இந்த மலையில சத்தம் போடமாட்டாரு. நீங்க திருவிழாவுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

கோட்டைக் கழற்றிச் சுருட்டுகிறேன். மழை முதுகில் இறங்குகிறது. ஒரு காகம் கூட்டை நெருங்குகிறது.

"அக்கா, தாய்க்கொக்கு திரும்பி வருமா?"

"நீங்க போனா வரும்."