பொன்னுத்தாயியின் ஓட்டு

1950களில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரே வாத்தியார். அன்றன்றைக்கு என்ன படிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தேன். காலையில் கணக்குக்கு ஒரு டப்பா, கதைக்கு ஒரு டப்பா வைப்பேன். ஆளுக்கொரு ஏலக்காய் ஓட்டுப் போடுவார்கள். எதில் அதிகமோ அதுதான் பாடம். வரும் வழியில் ஒரு காய் பறித்து வரச் சொன்னது நான்தான். போடியில் கடைக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அது வெறும் காய்.

ஒரு சாயங்காலம் கங்காணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளி விட்டதும் அம்மாவோடு காய் பறிக்கப் போயிருந்தாள் ஒன்பது வயதுப் பொன்னுத்தாயி. வேலை முடிந்து சோதித்தபோது அவள் பாவாடை முடிச்சில் ஒரு பச்சைக்காய். திருட்டு என்றால் குடும்பத்தையே தோட்டத்தைவிட்டு விரட்டிவிடுவார்கள்.

"நாளைக்கு ஓட்டுப் போட வச்சிருந்தேன். சாரைக் கேளுங்கய்யா" என்று அழுதாள்.

"நெசமா சார்?" என்றார் கங்காணி.

எனக்குச் சம்பளம் தருவதும் அதே தோட்டம்தான். "எனக்குத் தெரியாது" என்றேன்.

பொன்னுத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "வெரசா வா ஆத்தா" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் அம்மா. விடிந்ததும் மூட்டை முடிச்சோடு மலையிறங்கிவிட்டார்கள்.

அன்று காலை டப்பாக்களை வைத்து, "இனிமே புளியங்கொட்டை போடுங்க. இன்னைக்கு என்ன படிக்கலாம்?" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருத்தி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றாள்.

ஓய்வு பெறும்வரை எல்லாப் பாடத்தையும் நானேதான் சொன்னேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்க, அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை.