திறந்த டிக்கியில் ஹேசல்

ஹேசல் டிரான்டருக்குக் காரில் ஏறினாலே வாந்தி வரும். அப்படிப்பட்டவள் வேலை பார்த்ததோ கார்களைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில். பர்மிங்காமில் எங்கள் நிலையம் வியாழன்தோறும் ஒளிபரப்பிய 'நாலு சக்கரம்' நிகழ்ச்சிக்கு நான் ஒலிப்பதிவாளன். அவள் தயாரிப்பாளர் டெஸ்மண்ட் பார்ஜெட்டரின் உதவியாளர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். கைப்பையில் எப்போதும் காகிதப் பைகள் இருக்கும்.

அவளுடைய அப்பா டட்லியில் பஸ் ஓட்டுநர். "எங்கப்பா ஓட்டுற பஸ்லயே ரெண்டு ஸ்டாப் தாண்ட மாட்டேன். என்னை இறக்கி விட்டுட்டு அவர் பாட்டுக்குப் போயிடுவார்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வெளியூர்ப் படப்பிடிப்புக்கு வேன் கிளம்பும்போது, ஓட்டுநர் கிளைவ் ஒருநாளும் தவறாமல் கத்துவான்: "ஹேசல் ஏறியாச்சு, எல்லாரும் ஷூவைக் கழட்டி மடியில வெச்சுக்குங்க!"

அவள் ஆசைப்பட்டது கேமராவுக்கு. ஒளிப்பதிவுப் பிரிவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். கேமரா கனம், பெண்களின் முதுகு தாங்காது என்று இரண்டு முறையும் ஒரே பதில். அவள் விடவில்லை. ஒரு பழைய சின்ன கேமராவை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 'கார்ட்' என்னும் குட்டிப் பந்தய வண்டிகள் ஓடும் திடலுக்குப் போய்ப் படம் பிடித்தாள். அங்கே ஒருநாள் தோழியின் வேனில் உட்கார்ந்து, பந்தய வண்டிகளோடு கூடவே ஓடியபடி எடுத்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. அதை எங்கள் ஒளிப்பதிவாளர் நார்மன் ஃபாக்ஸாலிடம் மட்டும் சொன்னாள்.

"கேமராவுல கண்ணை வெச்சிருந்தா வயிறு சும்மா இருக்கு, நார்மன்."

"அப்ப சாகுற வரைக்கும் அதுலேர்ந்து கண்ணை எடுக்காத, கண்ணு" என்றார் நார்மன். அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் தன் பெரிய கேமராவை அவள் தோளில் ஏற்றி, கார் நிறுத்துமிடத்தில் நடக்க விட்டார்.

எண்பத்து நான்காம் ஆண்டு வசந்தத்தில் புத்தம்புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் படமெடுக்க வேல்ஸ் மலைகளுக்குப் போனோம். வேறு எந்த நிகழ்ச்சிக்கும் கிடைக்காத கார். ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்திருந்தார்கள். மலைப்பாதையை மதியம் வரைதான் மூடித் தருவதாகப் போலீஸ் சொல்லியிருந்தது. காலையில் முதல் வேலையாக, முக்காலியோடு பாறைமேல் ஏறிய நார்மன் மழையில் நனைந்த கல்லில் வழுக்கி விழுந்தார். தோள்பட்டை பிசகிவிட்டது.

டெஸ்மண்டின் முகம் செத்துப்போனது. "முடிஞ்சுது. பர்மிங்காம்லேர்ந்து வேற ஆள் வர்றதுக்குள்ள பாதையைத் திறந்துடுவாங்க. மூட்டையைக் கட்டுங்க."

"நான் எடுக்கிறேன், டெஸ்மண்ட்" என்றாள் ஹேசல்.

"நீயா? வேன்ல இங்க வர்றதுக்குள்ள மூணு தடவை நிறுத்தச் சொன்னவ நீ!"

"அது சும்மா உக்காந்து வந்தது."

கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நார்மன் சொன்னார்: "குடுத்துப் பாரு, டெஸ்மண்ட். வெறுங்கையோட திரும்புறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

எங்கள் கேமரா கார், பின்னால் சாமான் ஏற்ற நீண்ட இடமுள்ள பழைய 'எஸ்டேட்' வகைக் கார். டிக்கிக் கதவை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பின்னால் துரத்தி வரும் காரைப் படமெடுக்க வேண்டும். ஹேசல் முதலில் ஒரு கற்சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து டிக்கியில் ஏறினாள். இடுப்பில் பட்டையைக் கட்டி, அதன் நுனியை என் கையில் கொடுத்தாள். ஒரு காதில் ஹெட்போன், ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் ஹேசல். அப்படித்தான் நான் படுத்திருந்தேன்.

கிளைவ் கிளப்பினான். ஸ்போர்ட்ஸ் காரில் எங்கள் நிகழ்ச்சியின் முகமான ராய் ஆம்ஃப்லெட் பின்னாலேயே வந்தார். முதல் வளைவில் எனக்கே குடலைப் புரட்டியது. ஹேசலோ கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு இன்னும் வெளியே சாய்ந்தாள். தார்ச்சாலைக்கு ஒரு சாண் உயரத்தில் கேமரா பறந்தது. நார்மன்கூட அவ்வளவு தாழ்வாகப் போனதில்லை. என் ஹெட்போனில் இஞ்சின் உறுமலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது: "வா... கிட்ட வா... இன்னும் கிட்ட வாடா தங்கம்..."

இரண்டாவது ஓட்டத்தில் வளைவு திரும்பியதும் பாதையில் ஆடுகள் நின்றன. கிளைவ் வண்டியை ஒடித்து நிறுத்தினான். ராய் பிரேக்கை மிதிக்க, ஸ்போர்ட்ஸ் கார் வாலை ஆட்டிக்கொண்டு நேராக எங்களை நோக்கிச் சறுக்கி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பட்டையை இழுத்தேன். ஹேசல் அசையவில்லை. கார் சுழன்று, ஈரப் புல்லை வாரி இறைத்து, எங்கள் பம்பருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"ஹேசல்! உசுரோட இருக்கியா?" என்று கிளைவ் அலறினான்.

"வாயை மூடு, கேமரா இன்னும் ஓடுது!" என்றாள் அவள். ராய் வெளுத்த முகத்தோடு இறங்கி, ஓர் ஆட்டுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னதையும் எடுத்த பிறகுதான் கேமராவை இறக்கினாள்.

திங்கட்கிழமை ஃபிலிம் கழுவி வந்தது. திரையிடும் அறையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கார் திரையை விட்டு வெளியே பாய்ந்துவிடும் போல வந்தது. சறுக்கிய இடத்தில் டெஸ்மண்டின் கையிலிருந்த தேநீர் கால்சட்டையில் கொட்டியது. "இன்னும் கிட்ட வாடா தங்கம்" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டதும் ராய் எழுந்து நின்றார். "நான் சாகப் பார்த்தேன், ஆனா நம்மளையும் ஒருத்தி தங்கம்னு கூப்பிட்டிருக்கா பாருங்கடா!" என்று கை தட்டினார். அறையே தட்டியது.

டெஸ்மண்ட் விளக்கைப் போடச் சொன்னார். "ஹேசல், ஸ்டாப்வாட்ச்சை இங்க வெச்சிடு. ஒளிப்பதிவுப் பிரிவுல நான் பேசிக்கிறேன். பேச்சுல கேக்கலைன்னா இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுறேன்."

படத்தைப் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் அது போதுமாக இருந்தது.

வியாழன் இரவு நிகழ்ச்சி முடிவில் 'ஒளிப்பதிவு: ஹேசல் டிரான்டர்' என்று எழுத்து ஓடியது. அடுத்த நாள் நிலையத்தின் தொலைபேசி ஓயவில்லை. அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். அவள் அப்பாவும் கூப்பிட்டார். பெயர் ஓடியபோது டட்லி பஸ் பணிமனையில் ஓட்டுநர்கள் மேசைமேல் ஏறிக் கூச்சல் போட்டார்களாம்.

அடுத்த படப்பிடிப்பு ஒரு பழைய விமான ஓடுதளத்தில். பிரிவிலிருந்து புதிதாகக் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஹேசல் டிக்கியில் ஏறி, பட்டை நுனியை என்னிடம் நீட்டினாள். கிளைவ் மெதுவாக நகர்த்தினான்.

"என்ன கிளைவ், ஊர்வலமா போறோம்?" என்று பின்னாலிருந்து கத்தினாள். "மிதிய்யா!"

அவன் மிதித்தான்.