முரடன் என்று பேர் வாங்கிய குப்பி

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் சுருளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடியைப் பார்த்து வைத்த பேர் இல்லை. அது கம்பி மாதிரி நேராகத்தான் இருக்கும். எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் சுருள் கிருமிகளை இருபது வருஷமாகக் குப்பிகளில் வளர்த்து வந்ததால் ஒட்டிக்கொண்ட பேர்.

அந்தக் கிருமிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளைப் படுக்கையில் தள்ளும். இன்னொன்று தண்ணீரிலும் ஈரமண்ணிலும் தன் பாட்டுக்குத் திரியும்; யார் வம்புக்கும் போகாது. ஆனால் நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே அச்சு. வெள்ளி நூலை முறுக்கி, நுனியைக் கொக்கியாக வளைத்துவிட்டது போல இருக்கும். அதனால் சாதுவின் குப்பிக்குப் பச்சைச் சீட்டு, பொல்லாததற்குச் சிவப்பு. சிவப்புச் சீட்டுக்காரனுக்கு அவள் வைத்த பேர் முரடன். அதைத் தொடும்போது மட்டும் கையுறையை இரண்டாகப் போட்டுக்கொள்வாள்.

அவள் கணவர் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பாளர். தொட்டியை யாராவது குறை சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த மழைக்காலத்தில், சாக்கடை அடைப்பு எடுத்த மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டு கண் மஞ்சளாகிவிட்டது. மருத்துவமனையில் மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டார்கள். அவர்களுடைய ரத்தம் கூடத்துக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஊர்க் குடிநீர்ப் பொறியாளர் தொட்டித் தண்ணீரையும் அனுப்பிவைத்தார். இரண்டிலும் வெள்ளி நூல்கள் துள்ளின. அன்றைக்கே தொட்டியை மூடினார்கள். தெருவுக்குத் தெரு லாரியில் தண்ணீர் வந்தது. தொட்டிக்காரருக்குக் கட்டாய விடுப்பு.

சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். வீட்டுக் குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டினார். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். உப்பு எங்கே என்று அவளுக்கே தெரியாமல் போனது.

"ஏங்க, கொஞ்சம் உட்காருங்களேன்."

"அதான் உன் பூச்சிங்க என்னை உட்கார வச்சிருச்சே!"

"என்னோடதா? உங்க தொட்டியிலேர்ந்து வந்ததுங்க."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

கூடத்தின் தலைமை மருத்துவர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். "முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேணாம்க்கா, நம்ம குப்பிகளோட டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்றாள். டிஎன்ஏ இரண்டு இழை பின்னியது. சூடாக்கினால் இழைகள் பிரியும், ஆறவிட்டால் மறுபடி ஜோடி சேரும். இரண்டு கிருமிகளின் தனி இழைகளைக் கலந்து ஆறவிட்டால், ஒரே இனமாக இருந்தால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். தூரத்துச் சொந்தம் என்றால் ஏதோ ஒப்புக்கு ஒட்டும். இதற்கு வேண்டிய அளவு கிருமி வளரவே பல வாரம் ஆனது.

முடிவு வந்ததும் சுருளக்கா எண்களை விரல் வைத்துப் படித்தாள். தொட்டிக் கிருமி முரடனோடு எண்பத்தாறு! ஆனால் அதே கிருமி பச்சைச் சீட்டு சாதுவோடும் எண்பத்திரண்டு. நோயாளிகளின் கிருமியோ முரடனோடு வெறும் பதினான்குதான். மறுபடி செய்து பார்த்தாள். அதே எண்கள்.

முரடனும் சாதுவும் ஒரே இனமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். அப்படியென்றால் சிவப்புச் சீட்டுக் குப்பிக்குள் இருப்பது யார்?

வாயைத் திறந்தால் இருபது வருஷப் பேர் போகும். திறக்காவிட்டால் ஊரும் வீட்டுக்காரரும் தவிக்க வேண்டியதுதான். அவள் நேராக மருத்துவரின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், முரடன் முரடனே இல்ல. எப்பவோ தண்ணிக் கிருமி ஒண்ணு குப்பிக்குள்ள புகுந்து, பழசைத் துரத்திட்டு அது உட்கார்ந்திருக்கு. குப்பி மாத்தி மாத்தி வளர்த்தது நான்தான். தப்பு என் கையிலதான் நடந்திருக்கணும்."

"அக்கா, வீட்டுக்காரரைக் காப்பாத்தக் கதை கட்டுறீங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லத்தான் செய்வாங்க. அதனால இனிமே நான் தொடல. எல்லாக் குப்பியையும் பேர் எழுதாம, வெறும் நம்பர் போட்டு வேற கூடத்துக்கு அனுப்புங்க. அவங்ககிட்ட நிஜ முரடன் இருக்கும்."

பதில் வரும்வரை இதைப் பற்றி வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. கடைசியில் வந்த தாளில் தெளிவாக இருந்தது: நோயாளிகளின் கிருமி பொல்லாத இனம். தொட்டியிலிருந்ததும் சிவப்புச் சீட்டுக் குப்பியில் இருந்ததும் சாதுக்கள். காய்ச்சல் வந்தது எலிகள் மூத்திரம் பெய்த சாக்கடையிலிருந்து. அங்கே வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் கொடுத்தார்கள். தொட்டிக்காரரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். சுருளக்காவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பும் கிடைத்தது.

"புலின்னு பயந்து பயந்து, பூனைக்குட்டிக்கு ரெட்டைக் கையுறையோட தீனி போட்டிருக்கேன் டாக்டர்" என்றாள். மருத்துவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சேதி கேட்டதும் தொட்டிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, என் தொட்டிப் பூச்சிங்க தங்கமானதுங்க!"

"தங்கம்தான். ஆனா வெளித்தண்ணி கசிஞ்சாத்தானே அதுங்க உள்ள வரும்? மூடியைப் போய்ப் பாருங்க."

முறைத்துக்கொண்டே போனவர் பொழுது சாயத் திரும்பினார். முழங்கைவரை சிமெண்ட்.

"ரெண்டு விரல் அகலத்துக்கு விரிசல்" என்றார் வாசலில் நின்றபடியே. "நானே இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன். கண்டிப்புக் கடிதம் வருமாம்."

"வரட்டுங்க" என்று அவள் சோப்பை எடுத்து நீட்டினாள். "என்னுதுக்குப் பக்கத்துலயே வச்சுக்கலாம்."