செவ்வொளியில் மிதந்த இரத்தம்

பதுளையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், மெல்லிய லேசர் ஒளி மனித இரத்த அணுக்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா ஆய்வுக்காக இரத்தம் கொடுக்க வந்திருந்தார்.

ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து லேசரின் செவ்வொளியைப் பாய்ச்சி, அவரையும் பார்க்கச் சொன்னேன்.

"மூடுபனிக்குள்ள பூ மெதக்குற மாதிரி இருக்கு மிஸ். என் ரத்தம் நல்லாத்தானே இருக்கு?"

அந்த அழகில் நானும் கிறங்கிப்போயிருந்தேன். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

அவர் போனபின் குறிப்பேட்டில், 'அணுக்கள் சிறுத்து வெளிறியுள்ளன. ஆய்வுக்கு உதவாது' என்று எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தேன். செவ்வொளியைப் பாய்ச்சுமுன் சாதாரண ஒளியில் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்திருந்தது. அந்த இரத்தத்தோடுதான் அவர் நாளையும் மலையேறுவார்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரிடம், "அக்கா, நான் சொன்னது தப்பு. உங்க ஒடம்புல ரத்தம் ரொம்பக் கொறைவு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "மலை ஏறுனா மூச்சு வாங்குது மிஸ். சோம்பேறியாயிட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சில மாத மருந்தில் அவர் தேறிவிட்டார்.

லேசர் ஒளியைப் பற்றி அறிக்கையில் விரிவாக எழுதினேன். அவரிடம் பொய் சொன்ன அந்த நிமிடத்தை இன்றுதான் எழுதுகிறேன்.